மூளை முந்தியா, பேச்சு முந்தியா? அல்சூரிலிருந்து ஒரு கேள்வி பதில்

நான் பெங்களூரு அல்சூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். திக்குகிற பிள்ளைகள், பேசத் தாமதமாகிற குழந்தைகள், பக்கவாதம் வந்து வார்த்தை போன பெரியவர்கள், இவர்களோடுதான் என் நாள் போகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் வீட்டுக்காரர்கள். பயிற்சி முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல அரை மணி நேரம் வேண்டும், அடுத்த ஆள் வெளியே காத்திருப்பார். அந்த அரை மணி நேரங்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். வரிசை எல்லாம் கிடையாது, கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன்.

மூளை பெருத்ததால்தானே மனிதனுக்குப் பேச்சு வந்தது?

பாதி சரி. சிம்பன்ஸியின் மூளை ஏறக்குறைய 400 கன சென்டிமீட்டர். 1974-இல் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் எலும்புக்கூடாகக் கிடைத்த லூசி, சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவள், நம்மைப் போல இரண்டு காலில் நடந்தவள். அவள் இனத்துக்கும் மூளை கிட்டத்தட்ட சிம்பன்ஸி அளவுதான், கொஞ்சம் கூட இருக்கலாம். ஆக முதலில் நிமிர்ந்தது முதுகு. மூளை பெருக்க ஆரம்பித்தது வெகு காலம் கழித்து. ஹோமோ எரக்டஸ் என்ற, நமக்கு முந்தைய மனித இனத்தின் காலத்தில் 600-லிருந்து 1,100 வரை போகிறது, நமக்கு இன்று சராசரி 1,350. நமக்குப் பங்காளி இனமான, இன்று அழிந்துபோன நியாண்டர்தால்களுக்கு 1,500-ஐ ஒட்டி, அதாவது நம்மைவிடப் பெரிது. பெரிசுதான் பேச்சு என்றால் யானைதான் மேடையேறி இருக்க வேண்டும், அதன் மூளை நாலரை கிலோவுக்கு மேல்.

அளவைவிட முக்கியம் உள்ளே எத்தனை நியூரான் (நரம்புச் செல்), எங்கே இருக்கிறது என்பது. பிரேசில் நாட்டு ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ ஹூசெல் இதை எண்ண ஒரு வழி கண்டுபிடித்தார். மூளையைக் கரைத்து ரசம் மாதிரி ஆக்கி, கலக்கி, ஒரு சொட்டு எடுத்து அதில் எத்தனை நியூரான் உட்கரு மிதக்கிறது என்று எண்ணிக் கணக்குப் போடுவது. 2009-இல் வந்த கணக்குப்படி மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், அதில் மேல் மடிப்பான பெருமூளைப் புறணியில் மட்டும் 1,600 கோடி. யானைக்கு மொத்தம் 25,700 கோடி, ஆனால் பெரும்பகுதி பின்னால் சிறுமூளையில். புறணியில் 560 கோடிதான். நம் சரக்கு முன் அறையில் இருக்கிறது, யானையின் சரக்கு குடோனில்.

மனிதர்களுக்குள்ளேயே பார்த்தாலும் எடை ஒன்றும் சொல்லாது. எழுத்தாளர் அனதோல் பிரான்ஸின் மூளை ஒரு கிலோவுக்கு மேல் கொஞ்சம்தான், துர்கனேவுக்கு இரண்டு கிலோ. இருவருமே நன்றாகத்தான் எழுதினார்கள்.

ஓசூர் ரோட்டில் நம் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் மூளை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, போனால் பாடம் பண்ணிய நிஜ மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். பெங்களூருவில் இருந்துகொண்டு லால்பாக் பூக்கண்காட்சிக்கு வருடா வருடம் போகிறோம், இதற்கு ஒரு தடவையாவது பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். நான் முதன்முதலில் வாங்கியபோது நினைத்தது: இறுகின பனீர் மாதிரி இருக்கிறது, கனம் இருக்கிறது, இதற்குள்ளேயா ஒருத்தருடைய அத்தனை வசவும் தாலாட்டும் இருந்தது?

இவ்வளவு பெரிய மூளைக்குச் சோறு போட்டது யார்?

நல்ல கேள்வி, இதை ஒரு ஓட்டல்காரர் கேட்டார். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் நாம் சாப்பிடுகிற சக்தியில் 20 சதவீதம் அதற்கே போகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு 40 சதவீதத்துக்கும் மேல். அந்த வயதுப் பிள்ளை உயரம் ஏறாமல் நிற்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம், மூளை எல்லாவற்றையும் தின்றுகொண்டிருக்கிறது.

சமைத்துச் சாப்பிட்டதால்தான் இந்தச் செலவு கட்டுப்படியானது என்பது ரிச்சர்ட் ராங்கம் என்ற ஆய்வாளரின் வாதம். பச்சைக் கிழங்கை நாள் முழுக்க மெல்லுகிறவனுக்கும் அதை வேகவைத்துப் பத்து நிமிடத்தில் முடிக்கிறவனுக்கும் கிடைக்கிற சக்தி ஒன்றில்லை. ஒரே இடைஞ்சல், தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் கிடைத்த சாம்பல் சுமார் 10 லட்சம் ஆண்டுப் பழையது, மூளை பெருக்க ஆரம்பித்ததோ அதற்கும் முன்னால். அதனால் அடுப்போடு மாமிசமும், கல்லால் இடித்துப் பிசைந்து தின்றதும் சேர்ந்துதான் இதைச் செய்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

இதில் தாய்மாருக்கு ஒரு செய்தி உண்டு. இரண்டு காலில் நடக்கிற இடுப்பு வழியாக முழுசாக வளர்ந்த தலை வெளியே வராது. அதனால் நம் குழந்தை பிறக்கும்போது மூளை, பெரியவர்கள் மூளையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி வளர்ச்சி முழுக்க வெளியே, பாட்டி பேச்சிலும் குக்கர் விசிலிலும் தெருச் சத்தத்திலும் நடக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருவேன்.

பேச்சுக்கென்று மூளையில் ஒரு இடம் உண்டு என்று படித்தேன். எங்கே?

1861-இல் பாரிஸுக்குப் பக்கத்தில் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்று ஒரு நோயாளி. என்ன கேட்டாலும் "டான், டான்" என்பார், வேறு சொல் வராது. கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு வரும். நாம் சொல்வது அவருக்குப் புரியும். அவர் இறந்தபின் பால் புரோக்கா என்ற மருத்துவர் மண்டையைத் திறந்து பார்த்தார், இடது பக்கம் நெற்றிக்குப் பின்னால் ஓரிடம் அழிந்திருந்தது. 1874-இல் ஜெர்மனியில் கார்ல் வெர்னிக்கே இன்னொரு இடத்தைச் சொன்னார், காதுக்கு மேலே கொஞ்சம் பின்னால். அங்கே அடிபட்டவர்கள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது. பாடப் புத்தகம் இத்தோடு நிறுத்திவிடும். ஆனால் புரோக்கா அந்த மூளையை அறுக்காமல் அப்படியே பாதுகாத்து வைத்திருந்தார், 2007-இல் அதையே எம்ஆர்ஐயில் வைத்துப் பார்த்தபோது சேதம் அவர் நினைத்ததைவிட வெகு ஆழம் வரை போயிருந்தது தெரிந்தது. உள்ளே ஓடுகிற இணைப்பு நரம்புகளும் சேர்ந்து போயிருந்தன.

எங்கள் பெரியப்பாவுக்கு இதேதான் நடந்தது. நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம், இந்த வேலைக்கே அதனால்தான் வந்தேன் என்று சொல்லலாம். காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் வலது கையிலிருந்து விழுந்தது. மதியத்துக்குள் மருத்துவமனையில் அவர் சொன்ன ஒரே வார்த்தை "ஆமாமா". பசிக்கிறதா? ஆமாமா. பசிக்கவில்லையா? ஆமாமா. உங்கள் பேர் என்ன? ஆமாமா, ஆனால் சொல்லும்போதே தப்பு என்று அவருக்குத் தெரிந்தது, முகம் சுருங்கியது. இதே மனிதர் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னால் எண்ணினார். பக்கத்து வார்டு ரேடியோவில் எம்ஜிஆர் பாட்டு வந்தபோது கூடவே இரண்டு அடி பாடினார், சொல் பிசகாமல். ஊசி போட வந்தபோது வந்த கெட்ட வார்த்தையைப் பற்றிப் பெரியம்மா இன்றுவரை பேச மாட்டார்.

ஒரே வாய், ஒரே நாக்கு. புதிதாக ஒரு வாக்கியம் கட்டுவது ஒரு வழி, மனப்பாடமாக ஓடுவது, பாட்டு, வசவு எல்லாம் வேறு வழி. இரண்டாவது வழி மூளையில் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது, வலது பக்கத்திலும் ஆழத்திலும். வசவு மிக மிகப் பழைய பாதை, குரங்கு கத்துகிற பாதைக்கு உறவு.

எனக்கு இதில் எப்போதும் நினைவுக்கு வருவது சிவாஜிநகர் குஜிரி, பழைய சாமான் சந்தை. ஒரு வண்டியின் கிளட்ச், இன்னொன்றின் கார்புரேட்டர், எங்கோ கழற்றிய சைலன்சர், இதையெல்லாம் வைத்து ஒரு பாய் ஓடுகிற பைக் ஒன்றைக் கட்டித் தருவார். பேச்சும் அப்படித்தான் கட்டப்பட்டது. புரோக்கா பகுதிக்கு ஒத்த இடம் குரங்குக்கும் உண்டு, அங்கே அது கை, வாய் அசைவைக் கவனித்துக்கொள்கிறது. தாளம் தவறாமல் அசைகளை ஓட்டுவதில் சிறுமூளைக்கும் பங்கு உண்டு, அது மீனுக்கே இருக்கிறது. பழைய உறுப்புகள் பழைய வேலையையும் விடாமல் புது வேலையையும் ஏற்றுக்கொண்டன. "பேச்சு உறுப்பு இதோ" என்று விரலை வைத்துக் காட்ட முடியாததற்குக் காரணம் இதுதான்.

வலது கைக்காரர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு இந்த வேலையின் பெரும்பகுதி மூளையின் இடது பக்கம். இடது கைக்காரர்களிலும் சுமார் 70 சதவீதம் பேருக்கு அப்படியே. சின்ன வயதில் நோயால் இடது பாதியையே எடுக்க வேண்டி வந்த குழந்தைகளில் பலர் வலது பாதியை வைத்துப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பா வயதில் அது அவ்வளவு சுலபமில்லை.

பேச்சுக்கு ஒரு ஜீன் இருக்கிறதாமே?

ஃபாக்ஸ்பி2 என்பதைச் சொல்கிறீர்கள். லண்டனில் ஒரு குடும்பம், மூன்று தலைமுறையில் பாதிப் பேருக்கு வாயசைவு ஒழுங்காக வராது, வாக்கியம் கோக்க வராது. 2001-இல் காரணம் கண்டுபிடித்தார்கள், இந்த ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. உடனே பத்திரிகைகள் "மொழி ஜீன்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டன. எலிக்கும் அது உண்டு, பறவைக்கும் உண்டு. ஃபிஞ்ச் என்ற பாடும் பறவையின் குஞ்சுக்கு அதைக் குறைத்தால் பாட்டைச் சரியாகப் படிக்க மாட்டேன் என்கிறது. சிம்பன்ஸிக்கும் நமக்கும் இதில் இரண்டே இரண்டு அமினோ அமில வித்தியாசம், அந்த இரண்டும் நியாண்டர்தாலிடமும் இருக்கின்றன. வெகு சமீபத்தில் மனிதனிடம் மட்டும் வேகமாகப் பரவியது என்று முதலில் சொன்னதும் 2018-இல் இன்னும் நிறையப் பேரின் டிஎன்ஏவைப் பார்த்தபோது நிற்கவில்லை. இதுவும் குஜிரிச் சாமான்தான்.

குரங்குக்குக் கற்றுக்கொடுத்தால் பேசாதா?

கற்றுக்கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. அமெரிக்காவில் ஹேய்ஸ் தம்பதி விக்கி என்ற சிம்பன்ஸிக் குட்டியை வீட்டில் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள், கையால் உதட்டைப் பிடித்துப் பழக்கியும் மாமா, பாப்பா, கப், அப் என்று நாலே சொல்தான் வந்தது, அதுவும் முனகல். சரி, வாய்தான் பிரச்சினை என்று 1966-இல் கார்ட்னர் தம்பதி வாஷோவுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்தார்கள், 130 சைகை வரை வந்தது. அப்புறம் ஹெர்பர்ட் டெரஸ் நிம் என்ற சிம்பன்ஸியை வைத்து ஆரம்பித்தார், 1979-இல் கையை விரித்துவிட்டார். நிம்மின் ஆக நீளமான வாக்கியத்தில் 16 சைகை: கொடு, ஆரஞ்சு, நான், தின்ன, நீ என்ற ஐந்தே சொல்லைத் திருப்பித் திருப்பி அடுக்கியது. எங்கள் அடுக்ககத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையும் இப்படிக் கேட்கும்தான், ஆனால் ஆறு மாதத்தில் "பாட்டி ஊருக்குப் போய்ட்டாங்க" என்று கண்ணெதிரே இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடும், யாரும் ஆரஞ்சு கொடுக்காமலே.

கான்ஸியை விட்டுவிட்டால் அநியாயம். அது சிம்பன்ஸிக்கு நெருங்கிய உறவான போனோபோ இனம். சொல்லுக்குப் பதில் பலகையில் குறியைத் தொட்டுக் காட்டுகிற பாடம் நடந்தது அதன் வளர்ப்புத் தாய்க்கு, அம்மாவுக்கு ஒன்றும் ஏறவில்லை, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குட்டி தானாகப் பிடித்துக்கொண்டது. ட்யூஷன் வைக்கிற பெற்றோர் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

தொண்டை விஷயம்: நம் குரல்வளை கீழே இறங்கி இருப்பதால்தான் பேச முடிகிறது, அதற்கு விலையாகத்தான் சோறு புரை ஏறுகிறது என்று வெகுநாள் சொல்லி வந்தார்கள் (புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது நம் விளக்கம்). ஆனால் ஆண் செம்மானுக்கும் குரல்வளை கீழேதான். 2016-இல் குரங்கின் தொண்டையை எக்ஸ்ரேயில் படம்பிடித்துக் கணக்கிட்டபோது, புரியும்படிப் பேசப் போதுமான அசைவு அதற்கே இருக்கிறது என்று தெரிந்தது. 2022-இல் இன்னொன்று வெளிவந்தது, குரங்குகளுக்குக் குரல் நாணோடு ஒட்டி மெல்லிய சவ்வு உண்டு, சத்தத்தைக் கீச்சென்று சிதற வைப்பது அது. நமக்கு அது காணாமல் போய்விட்டது. ஒன்று கூடியதால் வந்த பேச்சு இல்லை, ஒன்று கழன்றதால் தெளிந்த குரல். மற்றபடி பெரிய வித்தியாசம் வயரிங். நமக்குப் புறணியிலிருந்து குரல்வளைக்கு நேர் நரம்புப் பாதை இருக்கிறது, குரங்குக்கு அது இல்லை, அல்லது வெகு மெலிசு. அதனால்தான் நினைத்த நேரத்தில் நினைத்த சத்தத்தை அதனால் போட முடிவதில்லை.

கென்யாவின் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு கூச்சல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என்று வைத்திருக்கின்றன. பாம்புக் கூச்சல் கேட்டால் எழுந்து நின்று கீழே பார்க்கும், கழுகுக் கூச்சலுக்கு மேலே. பொருள் இருக்கிறது. நேற்றைய சிறுத்தையைப் பற்றிப் பேசத்தான் வழி இல்லை.

எப்போது பேச ஆரம்பித்தோம்? வருடம் சொல்லுங்கள்.

வருடம் கேட்டால் சண்டை வரும். 1866-இல் பாரிஸ் மொழியியல் சங்கம் மொழியின் தோற்றம் பற்றி யாரும் கட்டுரையே கொண்டுவரக் கூடாது என்று விதி போட்டது, அவ்வளவு கற்பனை ஓடியிருக்கிறது. பேச்சு புதைபடிவம் ஆகாது, அதுதான் தொல்லை. இஸ்ரேலின் கெபாரா குகையில் சுமார் 60,000 ஆண்டுப் பழைய நியாண்டர்தால் நாவடி எலும்பு கிடைத்தது, நம்முடையது போலவே இருக்கிறது, ஆனால் எலும்பு இருந்தால் பேச்சு இருந்தது என்று ஆகிவிடாது.

கல்லாயுதம் ஒரு துப்பு. நமக்குப் பக்கத்து ஊரே சாட்சி. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடாரியை எடுத்தார். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டியதில் 15 லட்சம் ஆண்டுப் பழைய கைக்கோடாரிகள் வந்தன. இரு பக்கமும் செதுக்கி, ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப. இப்படி ஒன்றைச் செய்ய அடுத்த அடிக்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று முன்கூட்டி யோசிக்க வேண்டும், வாக்கியம் கட்டுகிறவனும் அதையேதான் செய்கிறான். 2015-இல் மாணவர்களை வைத்துக் கல் செதுக்கக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். சும்மா பார்த்துப் பழகியவர்களுக்குச் சரியாக வரவில்லை, வாயால் சொல்லிக்கொடுத்தபோது மிக நன்றாக வந்தது. எரக்டஸ் பேசினான் என்று இதை வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பேச்சு இருந்தவனுக்கு லாபம் இருந்திருக்கும், அவ்வளவு சொல்லலாம்.

எனக்குப் பிடித்த வாதம் வேறு. உலகின் எந்தக் குழந்தையையும் எந்த ஊரில் வளர்த்தாலும் அந்த ஊர் மொழி வந்துவிடும். அப்படியானால் இந்தத் திறன் மனிதர்கள் ஆப்பிரிக்காவில் கிளை கிளையாகப் பிரிவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும், அந்தப் பிரிவு ஒரு லட்சம் ஆண்டுக்கும் முந்தையது.

அப்போ முதல் மொழி தமிழ்தானே?

இல்லை. எந்த மொழியும் இல்லை. சொற்களை ஒப்பிட்டுப் பின்னோக்கிப் போகிற முறை 8,000, 10,000 ஆண்டுக்கு மேல் வேலை செய்யாது, பேச்சோ அதைவிடப் பல மடங்கு பழையது. தமிழ்ப் பெருமைக்கு இது இல்லாமலே நிறைய இருக்கிறது.

கூடவே வருகிற அடுத்த கேள்விக்கும் இங்கேயே: கன்னடம் தமிழின் பிள்ளை இல்லை, இரண்டும் ஒரே பழைய தாயின் பிள்ளைகள். நம் பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அங்கேயும் 'ப'தான், பிற்பாடு 'ஹ' ஆனது. அக்கா தங்கை என்று சொன்னால் ஆட்டோவில் நிம்மதியாக வீடு வந்து சேரலாம்.

காது கேட்காத குழந்தைகளுக்கு மொழி எப்படி வருகிறது?

கையால் வருகிறது, முழு மொழியாகவே வருகிறது. நிகராகுவாவில் 1970-களின் கடைசியில் மனாகுவா நகரத்தில் காது கேளாத பிள்ளைகளை முதன்முறையாக ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். டீச்சர்களுக்குச் சைகை மொழி தெரியாது, உதடு படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜாடைகளைக் கலந்தார்கள். அடுத்தடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அதைப் பிடித்து இலக்கணம் ஏற்றினார்கள், சில வருடத்தில் ஒரு புது மொழியே நின்றது. பெரியவர்கள் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சைகை மொழிக்காரருக்குப் பக்கவாதத்தில் இடது மூளை அடிபட்டால் கை நன்றாக அசைந்தாலும் சைகை உடைகிறது, நம் பேச்சு உடைவது மாதிரியே. தனியாக வளர்ந்த ஒரு பிள்ளை தன் ஜாடைகளோடு நின்றுவிடும், கூட்டம் கூடினால்தான் மொழி.

என் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், ஸ்கூலில் இங்கிலீஷ், பார்க்கில் இந்தி. குழம்பிவிட மாட்டானா?

வாரத்துக்கு நான்கு பேர் கேட்கிறார்கள். மாட்டான்.

பிறந்த குழந்தைக்கு உலகத்து ஒலிகளில் பெரும்பாலானவை பிரித்துக் கேட்கும். 1984-இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் 'ட', 'த' ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆறேழு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன, பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலானவற்றுக்கு அது போய்விட்டது. வேண்டாத வித்தியாசத்தை மூளை கழித்துவிடுகிறது. நம் வீட்டில் ல, ள, ழ மூன்றையும் தினமும் கேட்கிற குழந்தைக்கு அந்த வித்தியாசம் நிற்கும். நாமே வாழைப்பழத்தை 'வாளப்பளம்' ஆக்கிவிட்டால் ழ-வை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கலந்து பேசுவதைக் குழப்பம் என்று நினைக்காதீர்கள். எங்கள் மாடியில் மூன்றரை வயதுப் பெண் ஒருத்தி, அம்மாவிடம் "எனக்கு ஷூ ஹாக்கு" என்கிறாள். போடு என்பதற்குக் கன்னடச் சொல், மற்றதெல்லாம் தமிழ், வேற்றுமை உருபு சரியாக இருக்கிறது. அதே குட்டி கீழே செக்யூரிட்டி அண்ணாவிடம் போய் "அண்ணா, நீரு கொடி" என்று மரியாதைப் பன்மையில் கேட்கிறாள். ஆள் பார்த்து மாற்றுகிறவளுக்கா குழப்பம்? பேசத் தாமதமானால் உடனே "வீட்டில் ஒரே மொழி, இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், தாமதத்துக்கு நான்கு மொழி காரணம் இல்லை. பாட்டிக்குத் தெரிந்த மொழியைப் பிடுங்கிவிட்டால் வீட்டில் அதிகம் பேசுகிற ஆளின் வாயை அடைத்த மாதிரி. முதலில் காதைச் சோதியுங்கள். ஒன்றரை வயதுக்குள் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை என்றால் காத்திருக்காமல் வாருங்கள். எண்ணும்போது எல்லா மொழிச் சொல்லையும் சேர்த்து எண்ணுங்கள்.

அப்புறம் போன். 2003-இல் பட்ரிசியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கவைத்தார்கள். சில குழந்தைகளுக்கு நேரில் ஒரு ஆள் பொம்மை காட்டிப் பேசினார், சில குழந்தைகளுக்கு அதே ஆள் அதே பேச்சை வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகளுக்குச் சீன ஒலி வித்தியாசம் பிடிபட்டது. வீடியோ குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை, சுத்தமாக ஒன்றும். மேலே சொன்னேனே, மூளையின் பெரும்பகுதி வெளியே, ஆட்களுக்கு நடுவில் வளர்கிறது என்று. யூடியூப் ரைம்ஸ் போட்டு இட்லி ஊட்டுகிறவர்களைத் திட்ட மாட்டேன், எனக்கும் பிள்ளை உண்டு. ஆனால் அதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டு மொழி தெரிந்தால் மறதி நோய் வராதாமே?

வராது என்று இல்லை, தள்ளிப்போகலாம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழு 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013-இல் எழுதியது: ஒரு மொழிக்காரர்களைவிட இரண்டு மொழிக்காரர்களுக்கு நான்கரை வருடம் தாமதமாக நோய் தெரிய ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்ததால் இது படிப்பின் வேலை மட்டும் என்று தள்ளிவிட முடியவில்லை. அல்லாடி பிற்பாடு நம் நிம்ஹான்ஸுக்கே வந்தார். வேறு நாடுகளில் செய்த சில ஆய்வுகளில் இந்த லாபம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் மாற்றி மாற்றிப் பேசுகிற ஊருக்கும், பள்ளியில் மட்டும் இன்னொரு மொழி படித்த ஊருக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய்கறி வாங்குகிற மாமிக்கு இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

மூளையில் 10 சதவீதம்தான் உபயோகிக்கிறோமா?

இல்லை. முழுசும். பெரியப்பாவுக்கு ஒரு எலுமிச்சம்பழ அளவு போனதற்கே என்ன ஆனது என்று பார்த்தோமே.

படிப்பது, எழுதுவது?

எழுத்து வந்து 5,000 ஆண்டுச் சொச்சம்தான், அதற்கென்று மூளை மாற நேரமே இல்லை. முகத்தையும் பொருளையும் அடையாளம் காண்கிற இடத்தில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். லக்னோ பக்கத்துக் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, பெரும்பாலும் பெண்கள், ஆறு மாதம் இந்தி எழுத்து கற்றுக்கொடுத்து மூளையைப் படம்பிடித்தார்கள், 2017-இல் முடிவு வந்தது. புறணியைத் தாண்டி ஆழத்தில் இருக்கிற பழைய பகுதிகளிலும் இணைப்பு மாறியிருந்தது. முப்பது வயதுக்கு மேல் மூளை இறுகிவிடும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஏஐ பேசுகிறதே, அதற்கும் மூளை இருக்கிறதா?

எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள் கேட்கிற கேள்வி. மூளை ஓடுவது சுமார் 20 வாட்டில், ஃபிரிட்ஜுக்குள் எரிகிற குண்டு பல்பு அளவு. ஏஐ விழுங்கிய எழுத்தில் துளியில் துளியைக் காதால் கேட்டுக் குழந்தை பேசிவிடுகிறது, கூடவே அதற்குப் பசிக்கிறது, யாரையோ கூப்பிட வேண்டி இருக்கிறது. மற்றதை அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

மாமனாருக்குப் பக்கவாதம். தமிழ், கன்னடம் இரண்டும் தெரியும். எந்த மொழியில் பேசிப் பழக்குவது?

இதை முதலில் போட்டிருக்க வேண்டும். வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ கைவைத்தியம் பார்க்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள், ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு, சீக்கிரம் போகப் போக நல்லது.

மொழி எது என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் எதிரெதிராகச் சொன்னார்கள். முதலில் கற்றதுதான் முதலில் திரும்பும் என்றார் ரிபோ, அதிகம் புழங்கியதுதான் என்றார் பித்ர். பெரும்பாலும் எல்லாம் சேர்ந்தேதான் திரும்புகின்றன, சிலருக்கு ஏறுமாறாக. அவரோடு இருக்கிறவர்கள் எந்த மொழியோ அதில் பேசுங்கள், இன்னொன்று வந்தால் தடுக்காதீர்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள், அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். வீட்டாருக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

எங்கள் பெரியப்பா பின்னி மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், வீட்டில் தமிழ், மில்லில் கன்னடம். மூன்றாவது வாரம் பெரியம்மா கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினார். அவர் கையால் தள்ளிவிட்டு, தெளிவாக, "பேட" என்றார். கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். ஆமாமாவுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை, நாங்கள் எல்லாரும் உறைந்துபோய் நிற்க, அவர் பேரன் மட்டும் எழுந்து அலமாரிக்கு ஓடினான், தார்வாட் பேடா டப்பாவோடு வந்தான். பெரியப்பாவுக்குச் சர்க்கரை வேறு. பெரியம்மா டப்பாவைப் பிடுங்க, பேரன் "தாத்தாதானே கேட்டாரு" என்று அழ, பெரியப்பா கோணல் வாயோடு சிரித்தார். தமிழ் அதற்கு அப்புறம் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. அதுவரைக்கும் எதை நீட்டினாலும் பேடதான், காபியைத் தவிர.